மூணாவது ஆள்

அவரையே கேட்டுக்கோங்க அக்கா. நான் கேட்க மாட்டேன்.

கோவிச்சுக்காதீங்க. மாடி வீட்டைக் காட்டச் சொல்லி அம்மா சாவியைக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க, காட்டுறேன். ஹால் பார்த்தீங்க, பெட்ரூம் பார்த்தீங்க, இது கிச்சன். குழாயை இடது பக்கம் திருகணும், வலது பக்கம் திருகினா கையோட வந்துடும். ஜன்னலைத் திறந்தா ரோஜாப் பண்ணை. ரோஜா தெரியாது, பண்ணையோட பிளாஸ்டிக் கூரைதான் தெரியும். எல்லாத்தையும் சொல்றேன். ஆனா, "கிச்சன் இவ்வளவு சின்னதா இருக்கே, பரவாயில்லையான்னு அவரைக் கேட்டுட்டு வாம்மா"ன்னு சொன்னீங்க பாருங்க, அதை மட்டும் செய்ய மாட்டேன். அவர் எங்கேயோ துபாயிலயா இருக்கார்? மொட்டை மாடியில தண்ணி டேங்க்கை எட்டிப் பார்த்துட்டு இருக்கார். அவரும் உங்களை மாதிரியேதான். மேல ஏறும்போது என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? "அவங்களுக்கு வெயில் ஆகாது, ஹால்ல வெயில் வருமான்னு கேளும்மா." நீங்க பக்கத்துலதான் நின்னீங்க.

நீங்க ரெண்டு பேரும் பைக்ல வந்து இறங்கும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சீட்ல நடுவுல கைப்பையை வச்சுட்டு உட்கார்ந்திருந்தீங்க. சண்டையில்லாத வீட்டுல கைப்பை மடியில இருக்கும்.

தொண்டையா? அது ஒண்ணும் இல்லை, குச்சி ஐஸ். காலையில இருந்து எத்தனைன்னு கேட்காதீங்க. தண்ணி வேண்டாம்க்கா, பாட்டிலை உள்ள வைங்க. தண்ணி குடிச்சா சரியாப் போயிடும். காரணம் இருக்கு. சொல்றேன்.

என் பேரு சங்கமித்ரா, கீழ்வீடுதான். மித்துன்னு கூப்பிடுவாங்க. பதினொண்ணாவது படிக்கிறேன். ஆனா ஓசூர்ல இந்தத் தெருவுல என்னைத் தெரியாதவங்க கிடையாது. எனக்குக் குரல் வரும். யார் குரல் வேணும்? கேஸ்காரர் வேணுமா? "கேஸேய்... புக் பண்ணவங்க மட்டும் வாங்க, சும்மா எட்டிப் பார்க்காதீங்க." எங்க பிசிக்ஸ் மிஸ்: "பின் வரிசை, என்ன அங்க சந்தை? எனக்கும் சொல்லுங்க, நானும் சிரிக்கிறேன்." எதிர்வீட்டு அங்கிள் கார் ரிவர்ஸ் எடுக்கிறது, அதுல காரும் நான்தான், அங்கிளும் நான்தான், "வரலாம் வரலாம்"னு சொல்ற வாட்ச்மேனும் நான்தான். சிரிக்கிறீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. எங்க அம்மா மட்டும் சிரிக்க மாட்டாங்க. பண்ணையில நாள் பூரா நின்னு ரோஜாவை அடுக்கி பெட்டியில வைக்கிற வேலை. வீட்டுக்கு வந்தா காலை நீட்டிட்டு, "வாயை மூடிட்டு ஒரு நிமிஷம் இரு மித்து"ம்பாங்க. அதையும் அவங்க குரல்லயே திருப்பிச் சொல்லுவேன்.

சரி, இந்த வீட்டுல இதுக்கு முன்னாடி இருந்தவங்களைப் பத்திக் கேட்டீங்கல்ல. ஏன் காலி பண்ணாங்கன்னு. அதைச் சொன்னாத்தான் நான் ஏன் கேட்க மாட்டேன்கிறேன்னு புரியும்.

குணசீலன் அண்ணனும் வெண்ணிலாக்காவும். கோவில்பட்டிப் பக்கம். கல்யாணம் ஆன கையோட போன ஆவணியில வந்தாங்க. அண்ணனுக்கு வண்டிக்கு கியர் செய்யுற ஒரு கம்பெனியில சூப்பர்வைசர் வேலை. மினி லாரியில சாமான் வந்தது. ஒரு கட்டில், ஒரு ஃப்ரிட்ஜ், அப்புறம் முழுக்க எவர்சில்வர் பாத்திரம். ரெண்டு பேருக்கு எதுக்கு அத்தனை பாத்திரம், சொல்லுங்க. ஒரு அண்டாவுக்குள்ள நான் உட்கார்ந்தே பார்த்தேன்.

முதல் நாளே அண்ணன் சுத்தியலைத் தூக்கிட்டுச் சுவர் பக்கம் போனார். நான் படிக்கட்டுல இருந்து அம்மா குரல்ல, "தம்பி, புதுசா ஆணி எதுவும் அடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்"ன்னேன். அவர் சுத்தியலைக் கீழே வச்சுட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு எட்டிப் பார்த்தார், யாரும் இல்லை, மறுபடி தூக்கினார். "தம்பி." மறுபடி கீழே வச்சார். பாவம், அன்னிக்கு அம்மா வீட்டுலயே இல்லை. வெண்ணிலாக்காதான் என்னைக் கண்டுபிடிச்சாங்க. கட்டிலுக்கு மேல ஏறி நின்னு ஜன்னல் வழியா பார்த்துட்டு, "ஏட்டி, நீதானா"ன்னாங்க. அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சாங்க.

அன்னிக்குத்தான் பால் காய்ச்சினாங்க. அவங்க ஆளுங்க யாரும் வரலை. நல்ல நாள் புதன்கிழமைன்னு அமைஞ்சது, ஊர் ரொம்ப தூரம், லீவு கிடைக்கலை, அப்படியெல்லாம் சொன்னாங்க. இந்த அடுப்புலதான், இங்கேதான். அக்கா பட்டுப்புடவை கட்டிட்டு, தலை நிறைய பூ வச்சுட்டு, பால் பொங்குற வரைக்கும் வாசலையே பார்த்துட்டு இருந்தாங்க. யார் வரப்போறாங்க? நான் சொன்னேன், "அக்கா, உங்க ஆளுங்க வந்திருந்தா என்ன சொல்லுவாங்கன்னு சொல்லுங்க, நான் சொல்றேன்."

அவங்க சொல்லச் சொல்ல நான் எல்லாரும் ஆனேன். அத்தை: "அடுப்பு கிழக்க பாத்து இருக்கா? பாத்துட்டீயளா?" மாமா: "ஏய், பால் பொங்குது பால் பொங்குது, கரண்டிய எடு." சித்தி: "சீனி கம்மியா போடு, எனக்குச் சுகர் இருக்குல்லா." நான் கேட்டதே இல்லாத குரலுங்க. ஆனா அக்கா வாயைப் பொத்திட்டு, "அப்படியேதான்ட்டி, அப்படியே எங்க சித்தி"ன்னு கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க. அன்னிக்கு நான் ஜெயிச்சேன்னுதான் நினைக்கிறேன். அண்ணன் என்ன பண்ணார்? பால் டம்ளரைக் கையில வச்சுட்டு நின்னார். அவ்வளவுதான். அவருக்குப் பேசத் தெரியாது. அதைத்தான் சொல்ல வர்றேன்.

முதல் சண்டை எதுக்குன்னு நினைக்கிறீங்க? ஹால்ல பாருங்க, அங்க ஒரே ஒரு ஆணி இருக்கு. வீட்டுக்கே அது ஒண்ணுதான். அம்மாவோட சட்டம். அந்த ஒரு ஆணியில அண்ணனுக்கு அவங்க கம்பெனியில கொடுத்த கடிகாரத்தை மாட்டணும். அக்காவுக்குக் கல்யாண போட்டோவை மாட்டணும். காலையில கடிகாரம் இருக்கும், அண்ணன் ஷிஃப்டுக்குப் போனதும் போட்டோ ஏறிடும். சாயந்திரம் திரும்ப கடிகாரம். இப்படியே போய் ஒருநாள் பேச்சு நின்னுபோச்சு.

இங்கதான்க்கா பெரிய சிக்கலே வந்தது. யோசிச்சுப் பாருங்க. வீட்டுல சண்டைன்னா நேரா பேச மாட்டாங்க, சரி. ஆனா சோறு போடணும், சாவி கேட்கணும், பால் தீர்ந்துபோச்சுன்னு சொல்லணும். அதுக்கு நடுவுல ஒரு ஆள் வேணும்ல? ஊர்ல மாமியார் இருப்பாங்க, நாத்தனார் இருப்பாங்க, ஒண்ணும் இல்லைன்னா ஒரு பிள்ளை இருக்கும். "உங்க அப்பாகிட்ட சொல்லு." "உங்க அம்மாகிட்ட சொல்லு." இங்க யார் இருக்கா? இவங்க ரெண்டே பேர்.

அக்கா ஃப்ரிட்ஜ்கிட்ட சொன்னாங்க. சத்தியமா. ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ள பார்த்து, "தோசை வார்த்து வச்சிருக்கேன், வேணும்ங்கிறவுக சாப்பிடலாம்"னாங்க. அண்ணன் கட்டில் காலைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் வேண்டாம்"னார். நான் கொடியில துணி காயப்போட வந்தவ, அந்த ஜன்னல் வழியா கேட்டுட்டு இருந்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கலை. அக்கா பார்த்துட்டாங்க. "ஏட்டி மித்து, இங்க வா. உங்க அண்ணன்கிட்ட சொல்லு, தோசை ஆறுதுன்னு."

அவ்வளவுதான். எனக்கு வேலை கிடைச்சது.

இந்த வேலை எனக்குப் புதுசு இல்லைங்க. ஒண்ணாவது படிக்கும்போதே ஆரம்பிச்சுட்டேன். எங்க வீட்டுல சண்டை இந்தப் படிக்கட்டுனாலதான். மாடி கட்டும்போது அப்பா படி வீட்டுக்கு உள்ள வரணும்னார், எல்லாம் ஒரே வீடா இருக்கும்னு. அம்மா படி வெளியில வரணும்னாங்க, வாடகைக்கு விடலாம்னு. படி வெளியில வந்துடுச்சு, பேச்சு நின்னுபோச்சு. அப்புறம் எல்லாமே நான்தான். கிச்சன்ல இருந்து ஹாலுக்கு, ஹால்ல இருந்து கிச்சனுக்கு. சும்மா செய்தி சொன்னா அம்மா நம்ப மாட்டாங்க, "அப்படியா சொன்னாரு"ன்னு கேட்பாங்க. அதனால அப்பா எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்லிக் காட்டுவேன். மூச்சு விடுறது, நடுவுல செருமுறது, "போய்ச் சொல்லு உங்க அம்மாகிட்ட"ங்கிறதுல இருக்கிற கோபம், ஒண்ணு விடமாட்டேன். அப்படி வந்ததுதான் எனக்கு இந்தக் குரலெல்லாம். அவ்வளவு சுத்தமா செஞ்சேன்க்கா. அவங்க ரெண்டு பேருக்கும் நேரா பேச வேண்டிய அவசியமே வரலை. அப்பா லாரியை எடுத்துட்டு நாமக்கல்ல ரூம் பார்த்துட்டுப் போகிற அன்னிக்குக்கூட, "வரேன்னு சொல்லு"ன்னார். நான் உள்ள போய், "வரேன்"னேன். அம்மா, "சரின்னு சொல்லு"ன்னாங்க. நான் வெளிய வந்து, "சரி"ன்னேன்.

அதை விடுங்க. மேல்வீட்டுக்கு வர்றேன்.

ஹால்ல அண்ணன் சொன்னார், "எனக்குப் பசிக்கலன்னு சொல்லு மித்து." இதோ இந்த வாசல்ல நான் நின்னேன். அக்கா அங்க கரண்டியோட நின்னாங்க, முகம் அந்தப் பக்கம். எனக்கு என்ன தோணுச்சோ தெரியலை. ஒரு விளையாட்டுதான். அண்ணன் குரல்ல, இப்படி கொஞ்சம் மூக்கடைச்ச மாதிரி, சொன்னேன்: "பசிக்கல வெண்ணிலா. நீ எதிர்ல உக்காந்தாத்தான் பசிக்கும்."

கரண்டி கீழே வந்துடுச்சு. அக்கா ரெண்டு தட்டை எடுத்தாங்க. ஹாலுக்குப் போனாங்க. அவர் எதிர்ல உட்கார்ந்தாங்க. அண்ணனுக்கு ஒண்ணும் புரியலை, ஆனா சாப்பிட்டார். நான் அங்கேயே நின்னுட்டு இருந்தேன். மூணாவதா ஒரு தட்டு வரும்னு இல்லை, சும்மாதான் நின்னேன். அக்கா திரும்பி, "நீ போயிட்டு நாளைக்கு வாரியாட்டி"ன்னாங்க. கதவு சாத்துற சத்தம் கேட்டுது. நான் படிக்கட்டுல உட்கார்ந்தேன். உள்ள ஏதோ பேச்சு, தட்டு சத்தம், சிரிப்பு. எல்லாம் என் வேலை.

அதுக்கப்புறம் எட்டு நாளைக்கு ஒரு தரம் போல ஒரு சண்டை வரும். வந்தா என்னைக் கூப்பிடுவாங்க. வராத வாரத்துல எனக்குப் பொழுதே போகாது. அப்போ நான் ஒண்ணும் பண்ணலை, கடிகாரத்து பேட்டரியை மட்டும் கழட்டி எடுத்துட்டேன். விளையாட்டுக்குத்தான். அண்ணன் ஷிஃப்டுக்கு லேட், அக்கா மேல கோபம், சாயந்திரம் "ஏட்டி மித்து"ன்னு குரல் வந்துடுச்சு.

நான் எப்படியெல்லாம் சொன்னேன்னு நினைக்கிறீங்க? அண்ணன், "சாவி எங்க இருக்குன்னு கேளு"ம்பார். நான் போய், "சாவியத் தேடுறேன்னு சொல்லி உன்னைத்தான் பாக்க வந்தேன்"ம்பேன். அண்ணன், "சட்டை அயர்ன் பண்ணலையான்னு கேளு"ம்பார். நான், "அந்த மஞ்சள் புடவைல நீ நின்னா ஹால்ல லைட் போட வேண்டாம்"பேன். அக்கா என்னைப் பார்க்க மாட்டாங்க. சுவரைப் பார்த்துட்டு, "அவுகளா சொன்னாக?" அப்படின்னு மெதுவா கேட்பாங்க. "பின்னே நானா சொல்லுவேன்?" அண்ணன்கிட்டயும் அப்படித்தான். அக்கா, "இருந்தா சாப்பிடச் சொல்லு, இல்லாட்டி போகச் சொல்லு"ம்பாங்க. நான் அக்கா குரல்ல இழுத்து, "நீங்க சாப்பிடாம எனக்குத் தொண்டைல இறங்குமா"ம்பேன். அண்ணன் காதெல்லாம் செவந்துடும்.

சொல்லுங்க, எந்த ஊர்ல இப்படி ஒரு ஆள் கிடைக்கும்?

கெடுத்தது யாருன்னா அண்ணன்தான். மார்கழிக் கடைசின்னு நினைக்கிறேன், ஞாயித்துக்கிழமை. சண்டையே இல்லாத நாள். நானே ஏதோ சாக்குச் சொல்லி மேல வந்து, அக்காவோட உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிச்சுட்டு இருந்தேன். அண்ணன் அங்க தரையில படுத்துட்டு போன் பார்த்துட்டு இருந்தார். அக்கா நல்ல சந்தோஷத்துல இருந்தாங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போய் நாலு நாள் கூட இருந்துட்டு வரவான்னு கேட்டாங்க. அண்ணன், "இருந்துட்டு வா"ன்னார். அக்கா சிரிச்சுட்டே, "பொய். நான் இல்லாத வீட்டுல லைட் எரிஞ்சாலும் இருட்டுதான்னு அன்னைக்குச் சொன்னீயளே"ன்னாங்க.

அண்ணன் போனை இறக்கினார். "நானா?"

"மித்துகிட்ட சொல்லி விட்டீயள்லா."

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு "ஆமா" போட்டா முடிஞ்சுது. நான் கண்ணாலயே சொல்றேன், ஆமான்னு சொல்லுங்க, ஆமான்னு சொல்லுங்கன்னு. அந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்து, நிஜமாவே யோசிக்கிறார். "இல்லையே வெண்ணிலா. நான் அப்படியெல்லாம் சொல்லலையே."

அக்கா கத்தியை வைக்கலை. வெங்காயத்தை உரிச்சுட்டே இருந்தாங்க. "மஞ்சள் புடவை?"

"என்ன மஞ்சள் புடவை?"

"நான் எதிர்ல உக்காந்தாத்தான் பசிக்கும்னது?"

"பசிக்கலன்னேன்."

"அப்ப எதுதான் நீங்க சொன்னது?"

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். "சாவி எங்கன்னு கேட்டேன். சட்டை கேட்டேன்." அப்புறம், "நீயும்தான் என்னென்னவோ சொல்லி அனுப்பின"ன்னார். "நீங்க சாப்பிடாம எனக்குத் தொண்டைல இறங்காதுன்னு."

"நான் போகச் சொன்னேன்"னாங்க அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நிலைமை அப்படி. நான் சூழ்நிலையைச் சரி பண்ணலாம்னு எங்க பிசிக்ஸ் மிஸ் குரல்ல, "என்ன இங்க சந்தை, எனக்கும் சொல்லுங்க"ன்னேன். யாரும் சிரிக்கலை. அக்கா முந்தானையால கையைத் துடைச்சுட்டு, "ஏட்டி, நீ கீழ போ"ன்னாங்க. திட்டலை. திட்டியிருந்தா அந்தக் குரலை நான் எடுத்துட்டுப் போயிருப்பேன். அது வெறும் குரல், அதை எடுக்கவே முடியலை.

அப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை.

சண்டை இருந்தது. நல்லாத் தெரியும். நாள் கணக்கா மேல ஒரு சத்தம் இல்லை. ரெண்டு பேர் நடக்கிறது மட்டும் கேட்கும், ஒருத்தர் ஹாலுக்குப் போனா ஒருத்தர் கிச்சனுக்கு. நான் இந்தப் படியில புத்தகத்தோட உட்கார்ந்தேன், தேவைப்பட்டா கைக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும்னு. கொத்தமல்லி இருக்கான்னு கேட்டுப் போனேன். அக்கா கொடுத்தாங்க. கதவைச் சாத்திட்டாங்க. எங்க கொல்லையிலயே கொத்தமல்லி இருக்கு, அது அக்காவுக்கும் தெரியும். கேஸ்காரர் குரல்ல கத்திப் பார்த்தேன். ஜன்னல்கூட திறக்கலை.

எனக்கு என்ன கோபம்னா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? "ஏன்டி சொன்ன"ன்னு. நான் பதில் வச்சிருந்தேன். அவங்க குரல்லயே வச்சிருந்தேன்.

பொங்கல் முடிஞ்சு ஒரு சாயந்திரம், மழை வர்ற மாதிரி காத்து. நான் வழக்கம்போல படியில. உள்ளேயிருந்து அண்ணன் குரல் கேட்டுது. நிஜக் குரல்.

"மழை வருமோ."

யார்கிட்ட பேசுறார்னு தெரியலை. ஃப்ரிட்ஜ்கிட்டயா இருக்கும்னு நினைச்சேன். ரொம்ப நேரம் கழிச்சு அக்கா: "வரும்."

இன்னும் ரொம்ப நேரம். "துணி?"

"எடுத்துட்டேன்."

இதெல்லாம் ஒரு பேச்சா அக்கா? எனக்குக் கை பரபரன்னு வருது. அந்த "துணி?"யை என்கிட்ட கொடுத்திருந்தா நான் அதை எங்கேயோ கொண்டுபோயிருப்பேன். நடுவுல எவ்வளவு காலி இடம் விடுறாங்க தெரியுமா? அந்த இடத்துல ஒரு பஸ்ஸே திருப்பலாம்.

அப்புறம் அண்ணன் சொன்னார், "எனக்கு அந்தப் பிள்ளை மாதிரியெல்லாம் பேச வராது, வெண்ணிலா."

"வேண்டாம்."

"என்ன பேசணும்னே வர மாட்டேங்குது."

நான் படியில இருந்தே வாயை அசைக்கிறேன், சொல்லுங்க அண்ணா, மல்லிகைன்னு ஏதாவது, நிலான்னு ஏதாவது, பேர்லயே நிலா இருக்கு, இதைவிட என்ன வேணும். அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா?

"உன் இடது கம்மல்ல திருகாணி லூசா இருக்கு. மூணு நாளா பாக்கேன். தலை பின்னும்போதெல்லாம் ஆடுது. விழுந்துரும்."

இதுதான். இவ்வளவுதான். திருகாணி.

அக்கா அழுதாங்க. நான் எத்தனை சொல்லியிருக்கேன், ஹால்ல லைட் வேண்டாம்னு சொல்லியிருக்கேன், ஒருநாள் அழுதது இல்லை. இதுக்கு அழுதாங்க. அழுதுட்டே, "நீங்களே முறுக்கி விடுங்க"ன்னாங்க. மழை வந்துடுச்சு. நான் நனைஞ்சுட்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே எங்க வீட்டுக்குப் போகலாம், அம்மா வர நேரம்தான். ஆனா அவங்க அடுத்து என்ன சொல்லப்போறாங்கன்னு கேட்கணும்னு இருந்தது. ஒண்ணுமே சொல்லலை. நான் அதைக்கூட கேட்டுட்டு இருந்தேன்.

மறுநாள் பார்த்தா அந்த ஆணியில கல்யாண போட்டோ. கடிகாரம் ஃப்ரிட்ஜ் மேல சாய்ஞ்சு நின்னுது. யார் சொல்லி யார் மாத்தினாங்க, எனக்குத் தெரியாது. முதல் தடவையா எனக்குத் தெரியாம இந்த வீட்டுல ஒண்ணு நடந்திருக்கு.

சித்திரையில அண்ணனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மாத்திட்டாங்க. அதனாலதான் காலி பண்ணாங்க, வீட்டுல ஒரு குறையும் இல்லை, நீங்க பயப்படாதீங்க. போகும்போது அக்கா நல்லாத்தான் பேசினாங்க. வண்டியில சாமான் எல்லாம் ஏத்தியாச்சு, அந்த அண்டாவும் ஏறிடுச்சு. என் கன்னத்தைப் பிடிச்சு, "ஏட்டி, உன் குரல்ல ஒரு 'போயிட்டு வாங்க' சொல்லு, கேட்டுட்டுப் போறேன்"னாங்க.

இது என்னக்கா கேள்வி? எட்டு மாசமா நான் என்ன பேசினேன்? சொன்னேன். "போயிட்டு வாங்க." அது எங்க அம்மா குரல்ல வந்துடுச்சு. வாய் தவறிடுச்சு. மறுபடி சொன்னேன். அது பிசிக்ஸ் மிஸ். அக்கா சிரிச்சாங்க, அண்ணன்கூட சிரிச்சார். மூணாவது தரம் சொல்றதுக்குள்ள டிரைவர் ஹாரன் அடிச்சுட்டார். அந்த ஹாரனை நல்லா எடுத்துட்டேன், வேணும்னா செஞ்சு காட்டுறேன்.

வேண்டாமா? சரி.

ஆமாக்கா, கம்முது. நல்லாவே கம்முது. இதுக்குத்தான் காலையில இருந்து ஐஸ், புளி, பச்சை மாங்காய், அப்புறம் உங்ககிட்ட இவ்வளவு பேச்சு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஆறு மணிக்கு அப்பா போன் பண்ணுவார். வாரா வாரம். போன் என் காதுல இருக்கும், அம்மா அடுப்பைத் துடைச்சுட்டு நிப்பாங்க. துடைச்ச அடுப்பையே துடைப்பாங்க. "கேளு, மாத்திரை போடுறாரான்னு." நான் கேட்பேன், அம்மா குரல்ல. அப்பா அங்க ஏதோ சொல்லுவார். நான் அம்மா பக்கம் திரும்பி, அப்பா குரல்ல சொல்லுவேன். அம்மா அப்பா குரலைக் கேட்டு நாலு வருஷம் ஆகுதுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், வாரா வாரம் கேட்கிறாங்களே. ஒண்ணு மட்டும், அப்பா குரல் இப்போ கொஞ்சம் மாறிடுச்சு. தளர்ந்திருக்கு. நடுவுல மூச்சு வாங்குது. நான் பழைய குரல்லயேதான் சொல்றேன், அம்மாவுக்கு அதுதான் பழக்கம்.

இன்னிக்கு நான் லீவு. ஸ்ட்ரைக்னு வச்சுக்கோங்க. மேல இருந்தவங்க என்னை வேண்டாம்னாங்கல்ல, இவங்களாவது தெரிஞ்சுக்கட்டும், நான் இல்லைன்னா எவ்வளவு கஷ்டம்னு. போன் வரும். பச்சை பட்டனை அழுத்துவேன். ஸ்பீக்கரைப் போடுவேன். தொண்டையைத் தொட்டுக் காட்டிட்டு, போனை அடுப்பு மேடையில வச்சுட்டு வெளிய வந்துடுவேன். அம்மா நம்பணும்ல, அதுக்குத்தான் நிஜமாவே தொண்டையைக் கட்ட வச்சிருக்கேன். நடிச்சா அவங்க கண்டுபிடிச்சுடுவாங்க, என் நடிப்பெல்லாம் அவங்களுக்கு மனப்பாடம்.

வச்சுட்டு இந்தப் படியில வந்து உட்கார்ந்துப்பேன். பேசுவாங்களா? பேச மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் பழக்கமே விட்டுப்போச்சு. "ஹலோ" சொல்லுவார் அப்பா. அம்மா துணியைப் பிழிவாங்க. எவ்வளவு காலி இடம் விட்டாலும் நான் உள்ள போக மாட்டேன். ஒரு லாரியே திரும்பினாலும் போக மாட்டேன்.

உங்க வீட்டுக்காரர் இறங்கி வர்றார், செருப்புச் சத்தம் கேட்குது. அவர் வலது காலைக் கொஞ்சம் தேய்ச்சு வைப்பார் போல, நீங்க கவனிச்சிருக்கீங்களா? சரி, நான் கீழே போறேன். சாவியை ஜன்னல்ல வச்சுட்டு வாங்க. கிச்சன் சின்னதுதான். அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. மெதுவா சொன்னாலும் போதும், இந்த வீட்டுல நல்லா கேட்கும்.

என்ன? இன்னொரு தரம் சொல்லவா? முடியலைக்கா, பாருங்க, காத்துதான் வருது. இது யார் குரல்னு எனக்கே தெரியலை.